டூப் சீட்டும் நிஜ சீட்டும்

"அண்ணா, டெஸ்ட் எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. ஆனா சீட்டைத் தொட்டா ஒண்ணுமே ஆக மாட்டேங்குது."

எங்கள் குழுவில் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் ஒருவர், லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையருகே நின்று சொன்னது இது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் தேட ஆரம்பிக்கும் நேரம். ஒரு பஸ் முன்பதிவுத் தளத்துக்கு சீட் வரைபடம் செய்துகொடுப்பது எங்கள் வேலை. அன்று மாலை ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைத் தளத்தில், ஏற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் லைவ் என்று பேச்சு.

"காட்டும்மா, பார்ப்போம்" என்றேன். ஸ்லீப்பர் பஸ்ஸின் மேல் பெர்த்தும் கீழ் பெர்த்தும் திரையில் ஒழுங்காக வந்திருந்தன. விற்றுப்போன சீட் சாம்பல் நிறம், பெண்களுக்கான சீட் இளஞ்சிவப்பு, காலி சீட் வெள்ளை. காலி சீட் ஒன்றைக் கிளிக் செய்தால் அதன் ஓரம் பச்சையாகிறது. அவ்வளவுதான். கீழே கட்டணம் கூடவில்லை, 'தொடர்' பட்டன் உயிர் பெறவில்லை. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. பக்கத்து விண்டோவில், எங்கள் கோடைத் தானாகச் சோதிக்கும் 41 டெஸ்ட்டும் பாஸ்.

அந்த 41-இல் ஒன்று, சீட்டைத் தேர்ந்தெடுத்தால் கட்டணம் கூடுகிறதா என்று பார்ப்பதற்காகவே எழுதிய டெஸ்ட். எழுதியவன் நான்.

அன்று மாலை கண்டுபிடித்ததும், அதற்குப் பிறகு நாங்கள் டெஸ்ட் எழுதும் விதம் மாறியதும் என் மனதில் அப்படியே இருக்கின்றன. வெப் காம்போனென்ட் (நாமே பெயர் வைத்து, பிரவுசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் பக்க உறுப்பு) எழுதுகிற வேறு யாருக்காவது ஒரு மாலை மிச்சமாகட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். டெஸ்ட்டில் நிஜப் பொருளுக்குப் பதிலாக நிற்கும் ஒன்றுக்கு மாக், ஸ்டப், ஃபேக், ஸ்பை என்று பல பெயர்கள் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக 'டெஸ்ட் டபுள்' என்று பெயர் வைத்தவர் ஜெரார்ட் மெசாரோஸ். சினிமாவின் 'ஸ்டன்ட் டபுள்' என்பதிலிருந்து வந்த பெயர் அது. அந்த ஆளை நமக்கு நன்றாகவே தெரியும்; கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து உண்மையில் குதிப்பவர், டூப். அதனால் எங்கள் குழுவில் "இதுக்கு டூப் போட்டாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். வகைகளைப் பிரித்துப் பார்ப்பதில் பயன் இல்லாமல் இல்லை. கேட்டால் கையில் வைத்திருக்கும் பதிலைக் கொடுப்பது ஸ்டப். யார், எத்தனை முறை, என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொள்வது ஸ்பை. இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, அப்படி நடக்காவிட்டால் டெஸ்ட்டைத் தோற்கடிப்பது மாக். சிறிய அளவில் நிஜமாகவே வேலை செய்வது ஃபேக். இந்தக் கட்டுரைக்கு டூப் என்ற ஒரு சொல் போதும்.

எங்கள் சீட் வரைபடம் மூன்று பேரை நம்பி இருந்தது. ஒவ்வொரு சீட்டும் ஒரு தனிக் கஸ்டம் எலிமென்ட், அதாவது நாமே பெயர் வைத்து உருவாக்கும் டேக். அதைச் செய்து கொடுப்பது வேறொரு குழு. கட்டணம் சர்வரிலிருந்து வர வேண்டும். தேர்ந்தெடுத்த சீட்டைப் பத்து நிமிடம் பிடித்து வைக்க ஒரு கடிகாரம் ஓட வேண்டும். வரைபடத்தை மட்டும் தனியாக நிறுத்திச் சோதிக்க வேண்டுமென்றால் இந்த மூன்றுக்கும் டூப் போடுவதைப் பற்றி யோசித்தாக வேண்டும்.

ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளில் பழகியவர்கள் வெப் காம்போனென்ட் பக்கம் வந்ததும் முட்டிக்கொள்ளும் இடம் முதலாவதுதான், சீட். ரியாக்ட்டில் உள்ளே வரும் காம்போனென்ட் என்பது இம்போர்ட் செய்த ஒரு மாறி. ஜெஸ்ட் மாதிரியான டெஸ்ட் கருவியில் "இந்த மாட்யூலுக்குப் பதில் இதை எடுத்துக்கொள்" என்று ஒரு வரி எழுதினால், அதை இம்போர்ட்டுகளுக்கும் மேலே தூக்கி வைத்து முடித்துவிடும். வெப் காம்போனென்ட்டில் சீட் என்பது டெம்ப்ளேட்டுக்குள் (காம்போனென்ட்டின் HTML வார்ப்பு) இருக்கும் ஒரு டேக் பெயர். அதைப் பார்த்ததும் பிரவுசர், அந்தப் பக்கம் முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவேட்டில் அந்தப் பெயர் யாருக்குப் பதிவாகியிருக்கிறது என்று தேடும். ஊருக்கு ஒரே பத்திரப் பதிவு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கண்டிப்பான அலுவலகம். ஒரு பெயரை ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். ரத்து கிடையாது, பெயர் மாற்றம் கிடையாது. அதே பெயரில் இரண்டாம் முறை டிஃபைன் செய்தால் எரர் எறியும். ஒரே கிளாஸை இரண்டு பெயரில் பதியவும் விடாது.

ஆகவே முதல் டெஸ்ட்டில் டூப் சீட், இரண்டாவது டெஸ்ட்டில் நிஜ சீட் என்று ஒரே பக்கத்துக்குள் மாற்றி மாற்றி வைக்க முடியாது. நாங்கள் பயன்படுத்தும் வெப் டெஸ்ட் ரன்னர் ஒவ்வொரு டெஸ்ட் கோப்பையும் தனித்தனிப் பக்கத்தில் திறக்கிறது. அதனால் கோப்புக்கு ஒரு புதிய பதிவேடு கிடைக்கும். டெஸ்ட்டுக்கு ஒன்று கிடைக்காது. டூப் சீட்டோடு ஓடுபவை ஒரு கோப்பில், நிஜ சீட்டோடு ஓடுபவை இன்னொரு கோப்பில் என்று நாங்கள் பிரித்து வைத்ததற்கு இதுதான் காரணம்.

போலிமர் காலத்தில் இதற்கு ஒரு வசதி இருந்தது. வெப் காம்போனென்ட் எழுத உதவிய கூகுளின் போலிமர் திட்டத்தோடு வந்த வெப் காம்போனென்ட் டெஸ்டரில் 'ரீப்ளேஸ்' என்ற ஒரு சிறிய உதவி உண்டு. இந்த டேக்குக்குப் பதில் அந்த டேக் என்று சொல்லிவிட்டால், டெம்ப்ளேட்டை நகலெடுக்கும்போதே பெயரை மாற்றிவிடும். டூப்புக்கு வேறு பெயர் என்பதால் பதிவேட்டோடு சண்டையே வராது. அதை நான் நிறையவே பயன்படுத்தியிருக்கிறேன். போலிமரை விட்டு, அதன் வழித்தோன்றலான லிட் லைப்ரரிக்கு வந்தபோது அந்த வசதி எங்கள் கையை விட்டுப் போனது. 2018 அக்டோபரில் ஃபயர்பாக்ஸ் 63-உம், 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிய எட்ஜும் கஸ்டம் எலிமென்ட்டை நேரடியாக ஏற்றுக்கொண்டன. அதன் பிறகு, பிரவுசரில் இல்லாததை ஈடுகட்டும் பாலிஃபில் கோடின் சுமையெல்லாம் குறைந்தது, சந்தோஷம்தான். ஆனால் டூப் போடும் வேலை மட்டும் எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தது.

அப்போது எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை இன்றும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். பதிவு செய்யாத எலிமென்ட்தான் ஆகச் சிறந்த டூப்.

நடுவில் ஹைஃபன் உள்ள ஒரு பெயரை டெம்ப்ளேட்டில் எழுதி, அதை யாருமே டிஃபைன் செய்யாமல் விட்டால் பிரவுசர் கோபித்துக்கொள்ளாது. அதை எந்தத் தனிக் குணமும் இல்லாத ஒரு வெறும் எலிமென்ட்டாக வைத்துக்கொண்டு, பின்னால் யாராவது பதிந்தால் உயிர் கொடுக்கலாம் என்று காத்திருக்கும். அந்த வெறும் எலிமென்ட் மேல் எந்த ப்ராப்பர்ட்டியை (பெயரிட்ட மதிப்பு) வேண்டுமானாலும் வைக்கலாம், அட்ரிபியூட் வைக்கலாம், அதிலிருந்து ஈவென்ட் (இது நடந்தது என்ற அறிவிப்பு) அனுப்பலாம். வரைபடம் அதற்கு என்ன கொடுத்தது என்று பார்க்க அதன் ப்ராப்பர்ட்டியைப் படித்தால் போதும். சீட் சொல்வதற்கு வரைபடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அதிலிருந்தே ஒரு ஈவென்ட்டை அனுப்பினால் போதும். கிளாஸ் எழுத வேண்டியதில்லை, பதிய வேண்டியதில்லை, எந்த லைப்ரரியும் வேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு தடை உண்டு. வரைபடத்தின் கோப்பே சீட்டின் கோப்பை இம்போர்ட் செய்தால், டெஸ்ட் வரைபடத்தைத் தொட்ட மறுநொடி நிஜ சீட் பதிவாகிவிடும். அதனால் ஒவ்வொரு காம்போனென்ட்டையும் இரண்டு கோப்பாக உடைத்தோம். ஒன்றில் கிளாஸ் மட்டும். அது எதையும் பதியாது, பிள்ளை எலிமென்ட்டுகளை இழுத்து வராது. இன்னொன்று அந்தக் கிளாஸையும் பிள்ளைகளையும் இம்போர்ட் செய்து பதியும். தளம் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், டெஸ்ட் முதலாவதை எடுத்துக்கொண்டு தானே பதிந்துகொள்ளும். ஒரு மதிய நேரத்தில் செய்து முடித்த மாற்றம். எந்த மாக் லைப்ரரியும் இவ்வளவு செய்ததில்லை.

சரி, இப்போது அந்த மாலைக்கு வருகிறேன்.

கட்டணம் கூடுகிறதா என்ற என் டெஸ்ட்டில் நிஜ சீட் இல்லை, இப்படிப்பட்ட வெறும் சீட்தான். அதிலிருந்து ஈவென்ட் அனுப்ப எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவாக நான் ஒரு சின்ன ஃபங்க்‌ஷன் எழுதி வைத்திருந்தேன். ஈவென்ட்டின் பெயரைக் கொடுத்தால், அது எதுவரை பரவும் என்று சொல்லும் பபிள்ஸ், காம்போஸ்ட் இரண்டையும் ட்ரூ என்று வைத்து அனுப்பிவிடும். இரண்டும் இருந்தால் எங்கே கேட்டாலும் கேட்கும், நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன்.

நிஜ சீட்டின் கோடைத் திறந்து பார்த்தோம். அங்கே பபிள்ஸ் ட்ரூ. காம்போஸ்ட் என்ற சொல்லே இல்லை. இல்லையென்றால் ஃபால்ஸ் என்று பொருள்.

அந்தப் பெண் திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பபிள் ஆகுதே அண்ணா, அப்போ மேலே வரணும்தானே?"

மேலே வரும், ஆனால் எதுவரை என்பதுதான் கேள்வி. சீட்டுகள் எல்லாம் வரைபடத்தின் ஷேடோ ரூட்டுக்குள், அதாவது வெளிப்பக்கத்திலிருந்து பிரித்து வைத்த அதன் தனி உள்பகுதிக்குள், இருக்கின்றன. சீட்டிலிருந்து கிளம்பிய ஈவென்ட் வரிசையைத் தாண்டி, பெர்த் அடுக்கைத் தாண்டி, ஷேடோ ரூட் வரை ஏறி வருகிறது. காம்போஸ்ட் ட்ரூவாக இருந்தால் அந்த வாசலைத் தாண்டி வெளியே, அதாவது வரைபட எலிமென்ட்டுக்கே வரும். ஃபால்ஸ் என்றால் வாசற்படியிலேயே நின்றுவிடும். எங்கள் வரைபடம் காது (ஈவென்ட்டைக் கேட்கும் லிசனர்) வைத்திருந்தது வாசலுக்கு வெளியே, தன் மேலேயே. மவுஸ் கிளிக் மாதிரி பிரவுசரே அனுப்பும் ஈவென்ட்டுகள் பெரும்பாலும் காம்போஸ்ட் ஆனவை, அதனால் அவை வெளியே வந்துவிடுகின்றன. நாமே உருவாக்கும் கஸ்டம் ஈவென்ட்டுக்கு இரண்டுமே இயல்பாக ஃபால்ஸ்.

ஆக, என் டூப் கதாநாயகனைவிட உயரமாகக் குதித்துக்கொண்டிருந்தது. நிஜ சீட்டால் தாண்ட முடியாத சுவரை டூப் தாண்டியது, டெஸ்ட் கைதட்டியது.

திருத்தம் ஒரே வரி. காதை வரைபடத்தின் மேலிருந்து எடுத்து ஷேடோ ரூட்டின் மேல் வைத்தோம். சீட் குழுவிடம் காம்போஸ்ட்டை ட்ரூவாக்கச் சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். வரைபடத்துக்குள் நடக்கும் பேச்சு தளம் முழுவதற்கும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் செய்து வைத்திருந்ததுதான் சரி. ஏழு மணிக்குள் ஸ்டேஜிங்கில் ஏற்றிவிட்டோம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு வேறொரு கவலை. ஒரு ஈவென்ட்டில் இப்படி என்றால் மற்ற டூப்புகள் என்னென்ன பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன? மறுநாள் காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெறும் எலிமென்ட்டின் நல்ல குணமே அதன் கெட்ட குணமும்கூட. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நிஜ சீட்டில் கட்டணத்துக்கு ஒரு ப்ராப்பர்ட்டி பெயர் இருக்க, வரைபடம் வேறு பெயரில் வைத்தாலும் டூப் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், டெஸ்ட்டும் அதே தப்பான பெயரைப் படித்துச் சரி என்று சொல்லும். அப்படி ஒன்று உண்மையிலேயே கிடைத்தது: பெண்கள் சீட் என்பதைக் குறிக்கும் ப்ராப்பர்ட்டி, ஒரு டெஸ்ட்டில் எழுத்துப் பிழையோடு இருந்தது. இன்னொன்று, பதிவாகும் முன்பே ஒரு எலிமென்ட்டின் மேல் ப்ராப்பர்ட்டியை வைத்துவிட்டு, பின்னால் அதைப் பதிந்தால், முன்பு வைத்த மதிப்பு கிளாஸில் அந்த மதிப்பை வாங்கிக் கையாளும் செட்டரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். லிட் இதைத் தானே சமாளித்துக்கொள்கிறது. கையால் எழுதிய கஸ்டம் எலிமென்ட்டில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று நாங்கள் செய்த ஏற்பாட்டை இன்றுவரை விடவில்லை. சீட் என்றால் என்ன என்பதை ஒரு ஃபங்க்‌ஷனாக எழுதினோம். அதற்கு ஒரு சீட்டைக் கொடுத்தால், இந்தப் ப்ராப்பர்ட்டிகள் இதில் இருக்கின்றனவா, தேர்ந்தெடுத்ததும் இந்தப் பெயரில் ஈவென்ட் வருகிறதா, அதில் சீட் எண்ணும் கட்டணமும் இருக்கின்றனவா, பபிள்ஸ் என்ன, காம்போஸ்ட் என்ன என்று வரிசையாகச் சோதிக்கும். அந்த ஃபங்க்‌ஷனை இரண்டு கோப்புகள் கூப்பிடும். ஒன்று டூப் சீட்டைக் கொடுக்கும், இன்னொன்று சீட் குழுவின் லைப்ரரியிலிருந்து நிஜ சீட்டைக் கொடுக்கும். இரண்டும் பாஸ் ஆக வேண்டும். இதற்காக வெறும் எலிமென்ட்டை விட்டுவிட்டு, இருபது வரியில் ஒரு டூப் கிளாஸ் எழுத வேண்டியிருந்தது. தெரியாத ப்ராப்பர்ட்டி வந்தால் அது எரர் எறியும்படி அதன் கன்ஸ்ட்ரக்டரில் ஆப்ஜெக்டை மேலும் விரியாதபடி பூட்டி வைத்தோம். எழுத்துப் பிழைகள் அதோடு வெளியே வந்துவிட்டன. எளிய காம்போனென்ட்டுகளுக்கு இன்னமும் வெறும் எலிமென்ட்டையே வைக்கிறோம். வேறு குழு செய்து தருவதற்கு மட்டும் இந்தக் கூடுதல் உழைப்பு.

எல்லாவற்றுக்கும் டூப் போட வேண்டியதும் இல்லை. ஐகான், லோடிங் வட்டம், பட்டன் போன்றவற்றை நிஜமாகவே விட்டுவிடுகிறேன். அவை சர்வரைக் கூப்பிடுவதில்லை, நேரம் பார்ப்பதில்லை, டெஸ்ட்டை மெதுவாக்குவதும் இல்லை. அவற்றுக்கு டூப் போட்டால் பராமரிக்க இன்னொரு கோப்பு சேரும், அவ்வளவுதான். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. யூனிட் என்றால் ஒரே ஒரு கிளாஸ் என்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை.

அடுத்து கட்டணம். எங்கள் முதல் வடிவத்தில் வரைபடம் பக்கத்தில் சேர்ந்த உடனே தானே ஃபெட்ச் செய்து (பிரவுசர் வழியே சர்வரைக் கேட்டு) கட்டணத்தை வாங்கும். டெஸ்ட்டில் சினான் என்ற டூப் லைப்ரரி கொண்டு விண்டோவின் ஃபெட்ச்சுக்கு ஒரு ஸ்டப் வைத்து, ஒரு ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும்படி சொல்லியிருந்தோம். ஒரு பஸ்ஸுக்கு நன்றாக ஓடியது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பஸ் வைத்த டெஸ்ட்டில் இரண்டாவது எப்போதும் விழும். பாடி ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது என்று டைப் எரர். ரெஸ்பான்ஸின் பாடி ஒரு ஓடை. ஒருமுறைதான் படிக்க முடியும். ஸ்டப் இரண்டு முறையும் அதே ஆப்ஜெக்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய ரெஸ்பான்ஸ் உருவாக்கிக் கொடுக்கும்படி மாற்றினோம், சரியானது. ஃபெட்ச்சுக்கு ஸ்டப் வைப்பவர்களில் பாதிப் பேராவது இதில் ஒரு மணி நேரம் தொலைத்திருப்பார்கள்.

ஆனால் அந்த டெஸ்ட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. சீட் வரைபடத்தைச் சோதிக்கும் கோப்பில் முகவரி, ஹெடர், ஜேசன் அமைப்பு, ஸ்டேட்டஸ் கோட் எல்லாம் ஏன் இருக்கின்றன? வரைபடத்துக்குத் தேவை, இந்தப் பஸ்ஸில் இந்தத் தேதிக்கு எந்தச் சீட் என்ன விலை என்ற தகவல் மட்டுமே. டூப் போடச் சிரமமாக இருந்ததற்குக் காரணம் டெஸ்ட்டில் இல்லை. வரைபடம் தனக்கு வேண்டியதை யாரிடமும் கேட்காமல் தானே ஓடிப் போய் எடுத்துக்கொண்டதில் இருந்தது.

கட்டணம் எடுக்கும் கோடைத் தனி மாட்யூலாக்கி, அந்த மாட்யூலுக்கு ஸ்டப் வைக்கலாமா என்று பார்த்தோம். ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்த மாட்யூல் முறையான இஎஸ் மாட்யூலில் அது நடக்காது. ஒரு மாட்யூல் வெளியே கொடுப்பதை வெளியிலிருந்து யாரும் மாற்றி எழுத முடியாது. சினானும் கையை விரித்துவிடும். இம்போர்ட் மேப் வைத்து ஒரு கோப்புக்குப் பதில் இன்னொன்றைக் காட்டலாம். 2021-இல் குரோம் 89, 2022 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் 108, 2023 மார்ச்சில் சஃபாரி 16.4 என்று எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. ஒன்றிரண்டு இடத்தில் வைத்தும் பார்த்தோம். ஓடுகிறது. ஆனால் டெஸ்ட்டைப் படிப்பவருக்கு டூப் எங்கிருந்து வருகிறது என்பதே கண்ணில் படாது.

கடைசியில் நாங்கள் நின்ற இடம் மிகப் பழைய வழி: கேட்டு வாங்குவது. வரைபடத்துக்குக் 'கட்டண மூலம்' என்று ஒரு ப்ராப்பர்ட்டி. யாராவது அதில் ஒரு ஆப்ஜெக்டை வைத்தால் அதனிடம் கேட்கும். டெஸ்ட்டில் அது ஒரே ஒரு ஃபங்க்‌ஷன் உள்ள சாதாரண ஆப்ஜெக்ட். ஃபெட்ச் இல்லை, ரெஸ்பான்ஸ் இல்லை.

பத்து அடுக்கு உள்ளே இருக்கும் காம்போனென்ட்டுக்கு அந்த ஆப்ஜெக்டை ஒவ்வொரு அடுக்காகக் கைமாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வெப் காம்போனென்ட் சமூகக் குழு வகுத்திருக்கும் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் இதற்குத்தான். உள்ளே இருக்கும் எலிமென்ட் பக்கத்தில் சேர்ந்ததும் "எனக்குக் கட்டண மூலம் வேண்டும்" என்று ஒரு ஈவென்ட்டை மேலே அனுப்பும். ஷேடோ ரூட்டுகளைத் தாண்டி மேலே போக வேண்டும் என்பதால் இந்த ஈவென்ட் மட்டும் பபிள்ஸ், காம்போஸ்ட் இரண்டும் ட்ரூ. மேலே யாராவது வைத்திருந்தால் அதில் உள்ள கால்பேக்கைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். லிட்டில் இதற்குத் தனிப் பொதி உண்டு. டெஸ்ட்டில் ஒரு வெறும் டிவ் டேக் போதும். அந்த ஈவென்ட்டைக் கேட்டு டூப்பைக் கொடுத்துவிடும். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். டிவ்வில் காது வைத்த பிறகுதான் உள்ளே வரைபடத்தைச் சேர்க்க வேண்டும். முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு காது வைத்தால் வேண்டுகோள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும், வரைபடம் வெறும் கையோடு நிற்கும். எங்கள் குழுவில் மூன்று பேர் தனித்தனியாக இதே தப்பைச் செய்த பிறகு அதற்கும் ஒரு உதவி ஃபங்க்‌ஷன் எழுதினோம்.

கடிகாரத்தின் கதை இன்னும் நுட்பமானது.

சீட்டைப் பிடித்து வைக்கும் பத்து நிமிடத்தை நொடிக்கு ஒன்றாகக் குறைத்துக் காட்ட வேண்டும். குறித்த இடைவெளியில் தட்டிக்கொண்டே இருக்கும் செட்இன்டர்வல் டைமர் வைத்து 600-லிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தோம். டெஸ்ட்டில் யார் பத்து நிமிடம் காத்திருப்பது? சினானின் போலிக் கடிகாரத்தை மாட்டினோம். பத்து நிமிடம் தள்ளு என்றால் கண் மூடித் திறப்பதற்குள் 600 தடவை தட்டிவிடும். முதல் தடங்கல், டெஸ்ட் அப்படியே உறைந்து இரண்டு நொடியில் டைம்அவுட் ஆனது. போலிக் கடிகாரம் செட்இன்டர்வலை மட்டுமல்ல, அடுத்த திரை ஃப்ரேமில் கூப்பிடும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேமையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திரு என்று எழுதியிருந்த வரி, வரவே வராத ஃப்ரேமுக்காகக் காத்திருந்தது. செட்இன்டர்வலும் நேரம் சொல்லும் டேட்டும் மட்டும் போலியாகட்டும் என்று குறிப்பிட்டுச் சொன்னதும் ஓடியது. எல்லாம் பச்சை.

லைவுக்குப் போய் இரண்டாவது வாரம் ஒரு புகார். திரையில் நான்கு நிமிடத்துக்கு மேல் மிச்சம் காட்டுகிறது, சர்வர் சீட்டை விட்டுவிட்டது. பணம் கட்ட வங்கிச் செயலிக்கோ வேறு டேப்புக்கோ போய்த் திரும்பியவர்களுக்குத்தான் இது நடந்தது. பின்னால் கிடக்கும் டேப்பின் டைமர்களைப் பிரவுசர் மெதுவாக்கும். 2021-இல் வந்த குரோம் 88-லிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து சத்தமில்லாமல் கிடக்கும் பக்கத்தின் தொடர் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்புகிறது. நிமிடத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு நொடி கழிவு. செல்போனில் டேப் முழுதாக உறைந்தே போகும். எங்கள் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

சீட்டைப் போலவேதான் இதுவும். போலிக் கடிகாரம் ஒரு நொடிகூடத் தவறாது. நிஜத்தில் டைமர் தவறும். டூப் நிஜத்தைவிட ஒழுக்கமாக இருந்தது.

கழிப்பதை விட்டோம். முடிவு நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு மிச்சத்தைக் கணக்கிட்டோம். டெஸ்ட்டையும் மாற்றினோம். சினானின் போலிக் கடிகாரத்தில், டைமர் எதையும் தட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றும் வசதி இருக்கிறது. ஏழு நிமிடம் முன்னே தள்ளி, அதன் பிறகு ஒரே ஒரு தட்டு. திரையில் 2:59 இருக்க வேண்டும். பழைய கோடில் இந்த டெஸ்ட் 9:59 என்று காட்டித் தோற்றது. அந்தச் சிவப்பைப் பார்த்தபோது வந்த நிம்மதி, அதுவரை பார்த்த பச்சையில் வந்ததில்லை.

இதையெல்லாம் நோட் (Node) என்ற, பிரவுசர் இல்லாத ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் ஓடும் ஜேஎஸ்டாமில் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2020-லிருந்து அதிலும் கஸ்டம் எலிமென்ட் உண்டு, வேகமும் அதிகம். ஆனால் ஜேஎஸ்டாமே பிரவுசருக்கு ஒரு டூப். அங்கே லேஅவுட் கிடையாது, அகலம் கேட்டால் பூஜ்யம் சொல்லும். சீட் வரைபடம் திரையின் அகலத்தைப் பார்த்து மேல் கீழ் தளங்களை அடுக்கும். நிஜப் பிரவுசரிலேயே ஓட்டுகிறோம்.

ஷேடோ ரூட்டுக்கு ஒரு தனிப் பதிவேடு வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பிரவுசர்களுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அது எல்லாப் பிரவுசரிலும் நிலைத்தால் டெஸ்ட்டுக்கென்று ஒரு பதிவேட்டைத் திறந்து டூப்பை அதில் பதிந்துகொள்ளலாம். மிகவும் எதிர்பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு காலை. நான் அலுவலகம் சேரும் முன்பே அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"அண்ணா, நிஜ சீட் கோப்பு மட்டும் சிவப்பு. டூப் பச்சை. சீட் லைப்ரரியோட புது வெர்ஷன்ல கட்டணத்தை நம்பரா அனுப்பாம ஸ்ட்ரிங்கா அனுப்புறாங்க."

கட்டணம் நம்பராக இருக்க வேண்டும் என்ற சோதனை அந்தப் பொது ஃபங்க்‌ஷனில் இருந்தது. அதைச் சேர்த்தவர் அவரேதான். அந்தச் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று புது வெர்ஷனை வைத்து ஓட்டி ஒரு படமும் அனுப்பியிருந்தார். 850 ரூபாய் சீட் ஒன்றும் 900 ரூபாய் சீட் ஒன்றும் தேர்ந்தெடுத்திருக்கிறார். பூஜ்யத்தோடு ஒட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தம் 0850900 என்று நின்றது.

"டூப்பை மாத்தட்டுமா, இல்ல அவங்ககிட்ட பேசட்டுமா?"

"அவங்ககிட்ட பேசும்மா" என்று எழுதினேன்.

மதியத்துக்குள் சீட் குழுவிலிருந்து திருத்திய வெர்ஷன் வந்தது. டூப்பில் ஒரு வரியும் மாறவில்லை.